முற்றத்தில் ஒரு குளியல் தொட்டி

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.01.2025

அன்புள்ள கலீல் நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மச்சான் நௌபரும் மகள் றுமானாவும் சுகம். உங்கள் முதுகு வலி எப்படி? பெல்ட் கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றீர்கள். கட்டுகிறீர்களா, அல்லது அது அலுமாரிக்குள் தொங்குகிறதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் சலாம் சொல்லி முடிக்குமுன் றுமானா பறிக்கிறாள். அவளிடமிருந்து நௌபர் பறிக்கிறார். எனக்கு மிஞ்சுவது "சரி நானா, வைக்கிறேன்" மட்டும். அதோடு இது படம் கீறி விளங்கப்படுத்த வேண்டிய விஷயம். படம் பின்பக்கத்தில் இருக்கிறது. சிரிக்கக் கூடாது.

றுமானாவின் கல்யாணம் செப்டெம்பரில் என்று பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை கிண்ணியா றுவைஸ். நல்ல பொடியன், கதை குறைவு. நம் வழக்கப்படி வீடு மகளுக்கு. எனக்கு உம்மா தந்தது போல நான் அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் பின் அறைக்குப் போய்விடுவோம். கொடுக்குமுன் பாத்ரூமைத் திருத்தலாம் என்று தொடங்கினோம். அங்கேதான் சண்டை.

மகளுக்குப் பாத்டப் வேண்டும். படுத்துக்கொண்டு குளிக்க வேண்டுமாம். நௌபருக்கு ஷவர் போதும். "நிண்டு குளிச்சிட்டு வாறதுக்கு என்னத்துக்கு வீட்டுக்குள்ள ஒரு வள்ளம்? கடல்ல கிடக்கிற வள்ளம் காணாதா?" என்கிறார். மீன் ஏற்றுகிறவருக்கு எதைப் பார்த்தாலும் வள்ளம்தான்.

நீங்கள் டோஹாவில் ஹோட்டல் ஹோட்டலாகப் பாத்ரூம் சாமான் பொருத்திப் பூட்டுகிறவர். தொட்டியா, ஷவரா? உங்கள் சொல்லுக்கு இருவரும் கட்டுப்படுவதாகச் சொல்கிறார்கள். படத்தில் பாத்ரூமுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள் முன்பு படுத்த கடல் பக்க அறை. இப்போது அதற்குள் வலையும் நெல் மூட்டையும் படுத்திருக்கின்றன.

எப்போது வருகிறீர்கள்? நான் இதை ஒவ்வொரு முறையும் கேட்பேன். நீங்கள் ஒவ்வொரு முறையும் வேறு கதைக்குத் தாவுவீர்கள்.

துஆவுடன்,
தங்கச்சி பஸ்மியா.


டோஹா,
09.02.2025

அன்புத் தங்கச்சிக்கு, வ அலைக்கும் ஸலாம்.

பெல்ட் கட்டுகிறேன். சாட்சி வேண்டுமென்றால் முத்தலிப்பைக் கேள். மூதூர்ப் பொடியன், என் அறையில்தான் இருக்கிறான், வேலையும் என்னோடுதான். உன் படத்தைப் பார்த்து "இது பாத்ரூமா, துறைமுகமா நானா?" என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை.

தொட்டியைப் பற்றி நான் கண்டதைச் சொல்கிறேன். தொட்டி இருக்கிற அறைதான் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். முதல் நாள் நுரை நிரப்பிப் படுத்துப் படம் எடுப்பார்கள். அடுத்த நாளிலிருந்து அதற்குள் உடுப்பு ஊறப் போடுவார்கள். தண்ணீரை அள்ளிக் குடிக்கும் சாமான் அது. தேய்த்துக் கழுவ வேண்டும். வயது போனவர்கள் அந்த விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பதற்குள் மூன்று தடவை கலிமாச் சொல்வார்கள். ஷவர் என்றால் நடந்து போகலாம், நடந்து வரலாம். மச்சான் சொல்வது எல்லா விதத்திலும் சரி.

ஆனாலும் தொட்டியைப் பூட்டு. ஒரு வீட்டைப் பெண்பிள்ளை கையில் கொடுக்கும்போது அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு சாமானாவது அதில் இருக்க வேண்டும். நீ நீலக் கதவு கேட்டாய், வாப்பா பச்சை அடித்தார். இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாய். ஒன்று மட்டும் கவனம். இரும்புத் தொட்டி வாங்காதே. தூக்குகிறவனின் உயிரை எடுக்கும். பைபர் போதும்.

நோன்புக்கு வர ஏலாது. ஒரு பழைய ஹோட்டலை உடைத்துத் திருத்துகிறோம். மேல் மாடியிலிருந்து பழைய தொட்டிகளை எல்லாம் இறக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பார்ப்போம். வந்தாலும் எங்கே இறங்குவது? உன் வீடு மகளுக்குப் போகிறது. என் பெண்சாதி றஹ்மா மௌத்தானதும் அவளுடைய வீடு அவள் தங்கச்சிக்குப் போய்விட்டது. நம்மூரில் பெண்சாதி இல்லாத ஆண்பிள்ளை பெட்டியோடு திரிகிற விருந்தாளிதானே. பகிடிக்குச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

எல்லாருக்கும் என் சலாம்.
நானா கலீலுர் றஹ்மான்.


திருகோணமலை,
06.03.2025

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாரும் நோன்போடு சுகமாக இருக்கிறோம். நீங்கள் ஸஹருக்கு எழும்புகிறீர்களா, இல்லை முத்தலிப் உதைத்து எழுப்புகிறானா?

இரும்புத் தொட்டி வாங்காதே என்று எழுதினீர்கள். உங்கள் கடிதம் வந்த மறுநாளே நௌபர் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கழித்துப்போட்ட தொட்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். இரும்புதான். ஷவர் கட்சிக்காரரே தொட்டியோடு வந்து நின்றதைப் பார்த்து றுமானா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். நீங்கள் எழுதியதை நான் வாசித்துக் காட்டினேன் நானா, அந்த நீலக் கதவுக் கதையை. மனிதர் அடுத்த நாள் விடிய எழும்பி லொறி பிடித்துவிட்டார்.

இறக்கும்போது பெரிய கூத்து. மேசன் நஸ்ரியும் இன்னும் சிலரும் பிடித்தார்கள். கை வழுக்கி, தொட்டி நஸ்ரியின் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவன் துள்ளிப் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்து வீதியே சிரித்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

இப்போது தொட்டி முற்றத்தில் முருங்கைக்குக் கீழே இருக்கிறது. உள்ளே போகாது. பாத்ரூம் கதவு ஒடுக்கம். அதோடு நஸ்ரி இன்னொரு சிக்கலைக் கிளப்பிவிட்டான். "படுத்துக் குளிச்சா கால் தொழுகிற கிப்லாப் பக்கம் வருது ராத்தா. திருப்பி வச்சா கதவு திறபடாது." நாங்கள் நாலு பேரும் முற்றத்தில் நின்று மேற்கைப் பார்ப்பதும் தொட்டியைப் பார்ப்பதுமாக ஒரு பின்னேரம் போயிற்று. பக்கத்து வளவு மாமி வந்து பார்த்துவிட்டு, "இதென்ன புள்ள, மௌத்தான ஆளுட மையித்துக் குளிப்பாட்டுற பலகைக்குச் சுவர் வச்ச மாதிரி" என்றா. றுமானாவின் முகம் அன்று முழுக்கச் சரியில்லை.

கிப்லாவுக்கு ஒரு வழி சொல்லுங்கள். கதவுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். உங்கள் வருகைக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

துஆவுடன்,
பஸ்மியா.


திருகோணமலை,
20.04.2025

அன்புள்ள நானாவுக்கு, ஸலாம்.

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று இந்த முறை சடங்குக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. பெருநாளும் போய்விட்டது. போன் எடுத்தால் குரல் மட்டும் வருகிறது. கமரா உடைந்துவிட்டதாகச் சொன்னீர்கள். பெருநாளன்று முத்தலிப்பின் போனில் வந்தீர்கள், அதிலும் முகம் மட்டும். வழக்கமாகக் கட்டிய புதுச் சாரத்தைக் காட்ட எழும்பி நின்று ஒரு சுற்றுச் சுற்றுவீர்கள். மெலிந்திருந்தீர்கள். "நோன்பு" என்றீர்கள். எத்தனை வருட நோன்பை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு நோன்பிலும் நீங்கள் கொழுத்துத்தான் போவீர்கள்.

தொட்டி இன்னும் முற்றத்தில்தான். நீங்கள் சொல்லாமல் சுவரை உடைக்க நஸ்ரிக்குப் பயம். இடையில் நௌபர் அதில் ஐஸ் கொட்டி மீன் வைத்தார். றுமானா போட்ட சத்தத்தில் மீனை எடுத்துவிட்டார். இப்போது மழைத் தண்ணீர் நிற்கிறது. டவுனுக்குள் திரிகிற மான்கள் விடியப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து குடித்துவிட்டுப் போகின்றன. ஒரு கிடாய் எங்களை வீட்டுக்காரர் என்று மதிப்பதே இல்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

பஸ்மியா.


டோஹா,
18.05.2025

தங்கச்சிக்கு, வ அலைக்கும் ஸலாம்.

சுகம். வேலை கூட, அதனால் எழுத முடியவில்லை. கோபிக்காதே.

தொட்டி இன்னும் வெளியில்தான் என்றால் வெளியிலேயே இருக்கட்டும். ஷவர் போடுவது நல்லது என்று இப்போது படுகிறது. வாசலில் கட்டு வைக்க வேண்டாம். அறைத் தரையும் பாத்ரூம் தரையும் ஒரே மட்டமாக வரட்டும், தண்ணீர் போக உள்பக்கம் கொஞ்சம் சரிவு போதும். இப்போது எல்லா இடமும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சில விஷயம் அறிய வேண்டும். பாத்ரூம் கதவு எத்தனை அடி? கடல் பக்க அறைக் கதவு? அந்த அறையிலிருந்து பாத்ரூமுக்கு நேராக ஒரு வழி திறக்க ஏலுமா? சுவர் கல்லா, சீமெந்துக் கட்டியா? கைபிடி பூட்டினால் ஒரு ஆளின் பாரத்தைத் தாங்குமா? இருந்து குளிக்கிற உயரத்தில் சுவரோடு ஒரு திண்டு கட்டலாமா? தரைக்கு வழுக்காத டைல்தான் போட வேண்டும். மினுங்குகிறது வேண்டாம்.

இதெல்லாம் சும்மா ஒரு யோசனை. அவசரம் இல்லை. றுமானாவிடம் மாமா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நானா.


திருகோணமலை,
01.06.2025

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகம், சுகம், எல்லாரும் சுகம். விஷயத்துக்கு வருகிறேன்.

யார் அந்தப் பெண்?

என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைக்கிறீர்களா? ஓராண்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிற ஆள் நீங்கள். அதில் கதவு எத்தனை அடி, கைபிடி தாங்குமா, திண்டு கட்டலாமா என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள். நம்மூர் ஆண்பிள்ளை வீட்டு அளவு எப்போது கேட்பான்? கல்யாணம் பேசி, பெண் வீட்டைப் பார்க்கப் போகும்போதுதான். எங்கள் வீட்டை மாதிரிக்கு வைத்துக்கொண்டு யாருடைய வீட்டுக்குப் பாத்ரூம் கட்டப் போகிறீர்கள்? கமராவை மறைத்ததும், மெலிந்ததும், எல்லாம் இப்போது ஒரே நூலில் கோர்க்கிறது. மெலிகிறீர்களாம், மாப்பிள்ளைக் களைக்கு.

இருந்து குளிக்கத் திண்டு கேட்டதால் பெண் கொஞ்சம் வயது போனவர் என்று நானே கணக்குப் போட்டுவிட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்னும் ஒன்றும் முற்றாக்கவில்லை என்றால், கிண்ணியாவில் ஒரு ரீச்சர் இருக்கிறா. கணவர் மௌத்தாகி நாலு வருடம். தன் பேரில் வீடு, கல் வீடு, கதவெல்லாம் அகலம். நான் மெதுவாகக் கதை விட்டுப் பார்த்தேன். "அவர் நல்லா நடக்கிறவரோ? எனக்குப் பின்னேரத்தில கடற்கரைக்கு நடக்க ஆள் வேணும்" என்று சிரித்துக்கொண்டு கேட்டா. நான் சொன்னேன், எங்கள் நானா டோஹாவையே நடந்து அளந்தவர் என்று.

றுமானா தொட்டியை விடுவதாக இல்லை. காரணம் சொன்னால் யோசிப்பாளாம். எனக்கும் அதுதான். காரணம் எழுதுங்கள், கதவு அளவு எழுதுகிறேன்.

ஆவலுடன்,
பஸ்மியா.


டோஹா,
29.06.2025

தங்கச்சிக்கு, ஸலாம்.

பெண் இல்லை. இனி யாரிடமும் என்னைப் பற்றிக் கதை விடாதே. அந்த ரீச்சரிடம் போய், என் நானாவுக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடு.

போன கடிதத்தில் நான் கேட்டவற்றையும் மறந்துவிடு. அது உங்கள் வீடு. இன்னும் கொஞ்ச நாளில் மருமகள் வீடு. அதற்குள் என் யோசனையைத் திணிக்க எனக்கு என்ன இருக்கிறது? பிள்ளை ஆசைப்பட்ட தொட்டியையே பூட்டுங்கள். படுக்கும் பக்கத்தை மாற்றினால் கிப்லாப் பிரச்சினை தீரும், கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி நஸ்ரியைப் பூட்டச் சொல்.

றஹ்மாவை அடக்கிவிட்டு வந்த பின்னேரம் அந்த வீட்டுச் சாவியை அவளுடைய தங்கச்சி கையில் கொடுத்தேன். வழக்கம் அதுதானே. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையில் தொழில் இருந்தது. எந்த ஊரிலும் பத்துப் பேரோடு ஒரு அறையில் படுத்துவிடலாம் என்ற தைரியம் இருந்தது.

கல்யாணத்துக்கு வருவது சந்தேகம். முத்தலிப் லீவில் வருகிறான். இந்தக் கடிதமும் றுமானாவுக்கு ஒரு சங்கிலியும் அவன் கையில். அவனுக்குத் தேத்தண்ணி கொடு. அதிகம் கேள்வி கேட்காதே.

நானா.


திருகோணமலை,
10.07.2025

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முத்தலிப் வந்தான். சங்கிலி அழகாக இருக்கிறது. மகள் அதைக் கழுத்திலிருந்து கழற்றுவதே இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படலையைத் திறந்து வந்தவன் தொட்டியைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"இது இரும்போ ராத்தா?"

"ஓம் தம்பி. ஏன்?"

"ஒன்டுமில்ல."

கதிரையில் இருந்தான். தேத்தண்ணி ஆறும்வரை குடிக்கவில்லை. நானாவுக்கு முதுகு எப்படி என்று கேட்டேன். "முதுகுக்கு ஒன்டும் இல்ல" என்றான். முதுகுக்கு என்று அழுத்திச் சொன்னான். பாத்ரூமைக் காட்டச் சொன்னான், காட்டினேன். வாசல் கட்டைக் குனிந்து கையால் தடவிப் பார்த்தான். திரும்பிப் போகும்போது முன் வாசலில் நின்றான்.

"இந்தப் படியெல்லாம் முன்னயே இருந்ததா?"

"வாப்பா கட்டினது தம்பி. மாரியில வெள்ளம் ஏறாமலுக்கு."

அவன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். "நானா என்னட்டச் சத்தியம் வாங்கினவர் ராத்தா. உங்களுக்கு ஒன்டும் சொல்ல மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். என்னட்டக் கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. அவன் போன பிறகு குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்து, பெண் பார்க்கிற கண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன். கட்டு வேண்டாம். கைபிடி வேண்டும். இருந்து குளிக்க வேண்டும். நல்லா நடக்கிறவரோ என்று அந்த ரீச்சர் கேட்டதை உங்களுக்கு எழுதி அனுப்பிய என்னை என்ன செய்தால் தகும்?

உங்களுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கமாட்டேன். நீங்களாகச் சொல்கிற நாளில் கேட்டுக்கொள்வேன். நீங்கள் கேட்டவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பாத்ரூம் கதவு ஒடுக்கம், உடைக்கிறோம். கடல் பக்க அறைக் கதவும் ஒடுக்கம், அதையும் உடைக்கிறோம். அறையிலிருந்து பாத்ரூமுக்கு நேர் வழி திறக்கலாம், சுவர் கல்தான். கைபிடியைப் பூட்டி நௌபர் தொங்கிப் பார்ப்பதாக இருக்கிறார். அவருடைய பாரத்தைத் தாங்கினால் யாரையும் தாங்கும். நெல் மூட்டையும் வலையும் வெளியே வந்துவிட்டன.

வீடு மகளுடையது என்று எழுதினீர்கள். சரி, அதில் நான் பேச ஏலாது. மகள் ஏதோ எழுதி ஒட்டித் தந்திருக்கிறாள். இதே கவருக்குள் வைக்கிறேன். என்னைப் பார்க்க விடவில்லை.

உங்கள் தங்கச்சி,
பஸ்மியா.


திருகோணமலை,
10.07.2025

அன்பு மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சங்கிலிக்கு ஜஸாக்கல்லாஹ்.

உம்மா கேட்கவில்லை என்று எழுதியிருப்பா. நான் கேட்டேன். முத்தலிப் மாமாவை வீதி முனை வரைக்கும் துரத்திப் பிடித்தேன். "உங்கட உம்மாக்குச் சொல்ல மாட்டன் எண்டுதான் சத்தியம். உங்களுக்குச் சொல்ல மாட்டன் எண்டு நான் சத்தியம் பண்ணல்ல" என்று சொல்லிவிட்டு, எல்லாம் சொன்னார். வீதியில் நின்று இருவரும் அழுதோம். ஒரு ஓட்டோக்காரர் நிறுத்தி என்ன பிரச்சினை என்று விசாரித்தார்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை என்று எனக்குத் தெரியும் மாமா. வீல்செயரில் இருக்கிறீர்கள் என்றும் தெரியும். உம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

நீங்கள் வராமல் இருப்பது காலால் இல்லை என்று நினைக்கிறேன். இறங்க வீடு இல்லை என்பதால்தான். உம்மாவிடம் கேட்க வெட்கம், உம்மா கூப்பிட்டாலும் வீடு உம்மாவுடையது இல்லையே என்ற யோசனை. அதனால் நான் எழுதுகிறேன். போன கிழமை வீட்டை என் பேருக்கு எழுதியாயிற்று. நான் ஒப்பம் வைத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் யார் இருக்கலாம் என்று சொல்ல வேண்டியது நான்தான். வீட்டுக்காரி கூப்பிடுகிறேன். கடல் பக்க அறை உங்களுடையது. கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போக இல்லை, இருக்க வாருங்கள்.

றுவைஸிடமும் சொன்னேன். அவர், "நானும் பொண்டாட்டி வீட்டுக்குப் பெட்டியோட வாற ஆள்தானே. எனக்குத் துணைக்கு இன்னொரு ஆம்புள வாறது நல்லம்" என்றார். அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான கதை அதுதான்.

தொட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முந்தநாள் யாரும் இல்லாதபோது தண்ணீரை இறைத்துவிட்டு அதில் படுத்துப் பார்த்தேன். தலை இடித்தது, முதுகு சுட்டது, மான் வந்து எட்டிப் பார்த்தது. படத்தில் இருப்பது போல இல்லை.

உங்கள் மருமகள்,
றுமானா.


டோஹா,
03.08.2025

அன்புத் தங்கச்சி பஸ்மியாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். மச்சானுக்கும், வீட்டுக்காரிக்கும் என் ஸலாம்.

நீ கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

மார்ச் மாதம், நோன்பு தொடங்கி முதல் கிழமை. மாடியிலிருந்து தொட்டி இறக்கினோம். முன்னால் நான் பிடித்தேன். படியில் பின்னால் நின்றவனின் பிடி நழுவியது, தொட்டி முழுவதும் என்மேல் வந்தது. வலது காலை வைத்தியர்கள் பத்து நாள் பார்த்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உன் கடிதத்தை முத்தலிப் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து வாசித்தான். நஸ்ரியின் பாதத்துக்குப் பக்கத்தில் தொட்டி விழுந்த இடத்தில் அவன் நிறுத்திவிட்டான். மேலே வாசிக்கச் சொன்னேன். நஸ்ரி பாய்ந்ததை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது தங்கச்சி. அவன் பாய்ந்துவிட்டானே என்று சந்தோசமாகவும் இருந்தது. அன்றிரவு நெடுநேரம் அழுதேன்.

கால் போனதற்கு வெட்கம் இல்லை. தொழிலில் போனது. ஆனால் உன் வாசலில் வந்து, என்னை வைத்துக்கொள் என்று கேட்கிற வாய் எனக்கு இல்லை. நம் வாப்பாவே கடைசிவரை "உம்மாட வீடு" என்றுதான் சொன்னார், ஒரு நாளும் "எண்ட வீடு" என்று சொன்னதில்லை. அதனால்தான் கதவளவு கேட்டேன். உள்ளே வர ஏலாத வீடு என்று தெரிந்தால் மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன். நீ என்னடா என்றால் கதவையே உடைத்துவிட்டாய்.

மருமகளின் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. வீட்டுக்காரியே கூப்பிட்டால் வராமல் இருக்க ஏலுமா? செப்டெம்பர் முதல் கிழமை டிக்கெட். நிக்காஹ்வுக்கு முதல் வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ். அங்கே வந்தபின் செயற்கைக் கால் பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை வீல்செயர்தான்.

ஷவர்க் குழாயைத் திண்டிலிருந்து கை எட்டும் உயரத்தில் பூட்டச் சொல். தரைச் சரிவு உள்பக்கம் போகட்டும், அறைப் பக்கம் திரும்பினால் என் பாய் நனையும். என் பாய் என்று எழுதிவிட்டேன், பார்.

நானா.


திருகோணமலை,
24.08.2025

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் சுகம் என்று இனி நம்புவேன்.

கடிதத்தைக் கடல் பக்க அறையில் தரையில் இருந்து வாசித்தேன். நௌபர் கதவடியில் நின்று கேட்டார். முடிந்ததும் போய்க் கைபிடியில் இன்னொரு தரம் தொங்கிப் பார்த்தார். தாங்குகிறது.

ஷவர் பூட்டியாயிற்று. முதல் குளிப்பு நீங்கள்தான் குளிக்க வேண்டும் என்று வீட்டுக்காரியின் கட்டளை. அதனால் நாங்கள் இன்னும் கிணற்றடியில்தான் குளிக்கிறோம். தொட்டி முருங்கைக்குக் கீழேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதை இனி யாரும் தூக்கக் கூடாது என்று நௌபர் சொல்லிவிட்டார். மான் குடிக்கிறது. மாமி இப்போது அதைப் பலகை என்று சொல்வதில்லை.

அறைக் கதவுக்கு நீலம் அடித்திருக்கிறோம். நான் கேட்டது உங்களுக்குக் கிடைக்கிறது, பொறாமையாக இருக்கிறது.

வாப்பா கட்டிய முன்வாசல் படிகளை உடைத்துச் சரிவாக்கியாயிற்று. உள்கட்டுகளும் இல்லை. வெள்ளம் ஏறினால் ஏறட்டும், இறைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு கரைச்சல். எங்கள் கால்களுக்கு இன்னும் அது தெரியவில்லை. இல்லாத படிக்கு நான் காலைத் தூக்கி வைத்து விழப் பார்த்தேன். நௌபர் மீன் கூடையோடு இடறினார். றுமானா நாளுக்கு ரெண்டு தரம். நேற்று றுவைஸ் வந்து, எல்லாருக்கும் முன்னால் தடுக்கி விழுந்து எழும்பினார்.

சீக்கிரம் வாருங்கள் நானா. இந்த வீட்டுக்குள் இடறாமல் வரப்போகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

வாசலில் காத்திருக்கும்,
தங்கச்சி பஸ்மியா.